பெட்டியில் போடாத சீட்டு

அலுவலகத்தில் எல்லாரும் அவரை வாசலண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். இயக்குநரின் அறைக்கு வெளியே, கதவுக்கு இடப்பக்கம் கிடந்த முக்காலியில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன பெயர் வரும்? அதற்குள் ஐந்து இயக்குநர்கள் வந்து போய்விட்டார்கள். கதவுக்கு மூன்று முறை வண்ணம் அடித்தாயிற்று, முக்காலிக்கு ஒரு கால் மாற்றியாயிற்று. கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கினாலும் அண்ணன் அங்கேயே உட்கார்ந்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்பார் என்று தலைமை எழுத்தர் சொல்லிச் சிரிப்பார். வாசலண்ணனும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் அது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வருகிறவர்களின் நடையை வைத்தே காரியம் ஆகுமா ஆகாதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். மிதியடியில் இரண்டு தடவை காலைத் துடைக்கிறவர்கள்மேல் அவருக்கு இரக்கம் அதிகம். அவர்களை ஓரமாக அழைத்து எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுப்பார். எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போகக் கூடாது, முதலில் நன்றி சொல்ல வேண்டும், குரல் உயரக் கூடாது, முடிக்கும்போது 'உங்களுக்கு முடிந்தால்' என்று ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். மனசுக்குப் பிடித்தவர்களிடம் மட்டும் இன்னொன்றும் சொல்வார். கோப்பு தன் பாட்டுக்கு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தால் அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். கேட்டால் எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்துப் பார்த்தால் ஏதாவது கண்ணில் படும்.

இதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், படுக்கையில் கிடந்த கணவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இடமாற்றம் கேட்டு எழுதியிருந்தார். கோப்பு சத்தமில்லாமல் நான்காவது மேசை வரை வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு கையெழுத்து. அந்த நேரம் பார்த்து டீச்சர் நேரில் வந்தார். அவரை உள்ளே அனுப்பியதே வாசலண்ணன்தான். இயக்குநர் கோப்பை வரவழைத்தார், புரட்டினார், ஒரு தேதி தப்பாக இருக்கிறது என்றார். அது முதல் மேசைக்கே திரும்பிப் போயிற்று. உத்தரவு வந்தபோது டீச்சருக்கு அது தேவைப்படவில்லை.

வீட்டில் அவருடைய மனைவி ஏழாம் மாதத்திலிருந்து படுக்கையில் இருந்தாள். பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் தைத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. இப்போது தையல் இயந்திரத்தைப் போர்வையால் மூடி சுவரோரம் தள்ளியிருந்தார்கள். இடப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்க வேண்டும், எழுந்து நடக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. இது நான்காவது கர்ப்பம். முதல் மூன்றும் தங்கவில்லை. முதல் தடவை வாசலண்ணன் சாதாரணமாக ஜெபித்தார். இரண்டாம் தடவை வாரம் ஒருநாள் உபவாசம் இருந்து ஜெபித்தார். மூன்றாம் தடவை, பிள்ளையைக் கொடுத்தால் இன்னின்னது செய்கிறேன் என்று முழங்காலில் நின்று பொருத்தனையே பண்ணிக்கொண்டார். அது ஐந்து மாதத்தில் போயிற்று.

அதனால் இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.

கடவுள் இல்லை என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. இருக்கிறார் என்பதுதான் அவருடைய பயமே. கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்தாம் மாதம் தாண்டியது, ஆறு தாண்டியது. இந்த நேரத்தில் போய் நின்று ஆண்டவரே என்று கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்து, எங்கே எடு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். எல்லாரும் கண்ணை மூடும்போது தானும் மூடிக்கொண்டு, குளியலறைக் குழாய்க்கு என்ன அளவு வாஷர் வாங்குவது என்று யோசித்தார். சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பாட்டுக்காக மட்டும் நன்றி சொன்னார். வீட்டில் வேறு யாரும் இருப்பதாகவே அந்த ஜெபத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

மனைவி இதற்கு நேர் எதிர். படுத்தபடியே கூரையைப் பார்த்துப் பேசுவாள். பக்கத்து அறையில் இருக்கிற மனிதரிடம் பேசுவதுபோல சத்தமாகவே பேசுவாள். அப்பா, இன்னிக்குக் காலைலேருந்து நாலு தடவைதான் உதைச்சிருக்கான், என்னன்னு கொஞ்சம் பாருங்க என்பாள். சமையலறையில் நிற்கும் வாசலண்ணனுக்கு அது கேட்கும். சட்டென்று பாத்திரத்தை உருட்டுவார், குழாயைத் திறந்துவிடுவார், வராத இருமலை இருமுவார். மேலே கேட்காமல் போனால் போதும்.

ஒரு சனிக்கிழமை அவள் நோட்டுத் தாளை நான்காக மடித்துக் கிழித்து ஒரு சீட்டு எழுதினாள். சபை வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. ஜெபம் வேண்டுகிறவர்கள் சீட்டு எழுதி அதில் போட்டால், புதன்கிழமை கூடுகிற பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து ஜெபிப்பார்கள். அவளால் போக முடியாது, அதனால் அவரிடம் கொடுத்தாள். மூடி மறைக்காமல்தான் கொடுத்தாள். அவர் வாசித்துப் பார்த்தார்.

'இந்தப் பிள்ளை எங்களுக்கு வேண்டும். உயிரோடு வேண்டும்.' கீழே அவள் பெயர். அவ்வளவுதான்.

“'சித்தமானால்'னு ஒரு வார்த்தை போட்டுரலாமே” என்றார்.

“எதுக்கு?”

“எல்லாரும் அப்படித்தானே எழுதுவாங்க. ஒரு மரியாதைக்கு.”

“எங்கப்பாகிட்ட சோறு கேக்கும்போது, உமக்குச் சித்தமானா போடும்னா கேட்டேன்?”

“அவரு உங்கப்பா.”

“இவரு யாராம்?” என்று கேட்டுவிட்டு அவள் இடப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பெட்டியின் முன்னால் அந்தச் சீட்டோடு நின்றார். இருபது பெண்கள் அதைச் சத்தமாக வாசிப்பார்கள். வேண்டும், வேண்டும் என்று இருபது குரல்கள் மேலே போகும். அந்தக் குரல்களுக்குத் திரும்பிப் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்? பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டது. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, வாசிச்சாங்களாமா என்று அவள் கேட்டாள். வாசித்தார்களாம் என்றார். என்ன சொன்னார்களாம்? எல்லாரும் ஆமென் சொன்னார்களாம். போதகரின் மனைவி அழுதுவிட்டார்களாம் என்று, கேட்காததையும் ஒன்று சேர்த்துச் சொன்னார். அவள் முகம் தெளிந்தது. அன்றைக்கு இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏழு வாரத்தில் ஏழு சீட்டு. அத்தனையும் அலுவலக முக்காலிக்கு அடியில் அவர் வைத்திருந்த சாப்பாட்டுப் பையின் உள்பக்கத்தில் போய்ச் சேர்ந்தன.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், கடவுளிடம் போக இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று பிரசங்கம் பண்ணினார். கடவுளின் குமாரன் தன் உயிரைக் கொடுத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டார், உங்களைத் தடுக்க அங்கே ஆள் இல்லை, பிள்ளைகள் தகப்பன் அறைக்குள் ஓடுகிற மாதிரி தைரியமாக ஓடுங்கள் என்றார். தூணுக்குப் பின்னாலிருந்த வாசலண்ணனுக்கு அது தன் வேலையைக் குறை சொல்வதுபோல இருந்தது. பாவம், இவர் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, காலை பத்தரை மணிக்கு அவருடைய மாமியார் அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணினார். விடிந்ததிலிருந்து அசைவே இல்லையாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினார். வலப்பக்கம் வைத்தார், இடப்பக்கம் வைத்தார், கொஞ்சம் கீழே அழுத்தினார். மற்ற நாட்களில் குதிரை ஓடுவதுபோல அறை முழுக்கக் கேட்கும் சத்தம் அன்றைக்கு இல்லை. டாக்டர் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக, கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே முடிவு தெரிந்துகொண்ட மனிதர் அவர். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே வாசலண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளையை அவள் பெற்றுத்தான் ஆக வேண்டும் என்றார்கள். வலி வருவதற்கு மருந்து ஏற்றினார்கள். தாழ்வாரத்தின் கடைசி அறையைக் கொடுத்தார்கள், மற்றக் குழந்தைகளின் அழுகை கேட்காமல் இருக்கட்டும் என்று. ஆனாலும் கேட்டது. மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அறைக்குள் அவர்கள் இருவர் மட்டும்.

அவள் அழவில்லை. ரொம்ப நேரம் மருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். “அத்தனை பேர் ஜெபம் பண்ணாங்களே. ஏழு வாரம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “யாரும் பண்ணலம்மா. நான் சீட்டைப் போடவே இல்ல.”

அவள் தலையைத் திருப்பினாள்.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

“நீங்க?”

“நானும் கேக்கல.”

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் குரலில் புரியாத ஒரு குழப்பம்தான் இருந்தது. “ஏங்க?”

“கேட்டா... கண்ணுல பட்டுருவோமோன்னு.”

அவள் சிரித்தாள். சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும், மூச்சு மட்டும் வெளியே வந்தது. “எட்டு மாசம் வயித்துல வச்சிருந்தேன். கண்ணுல படாமயாங்க இருந்திருப்பான்?”

கேட்டிருந்தால் பிழைத்திருக்குமோ என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. அதை இவளிடம் கேட்க முடியாது. வேறு யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

“நான் மட்டும் தனியாப் போய்க் கேட்டிருக்கேன்” என்றாள் அவள். “எல்லாரும் கூட நிக்கறீங்கன்னு நினைச்சிட்டே கேட்டிருக்கேன்.” மறுபடி மருந்துச் சொட்டைப் பார்த்தபடி, “இனிமே நான் போக மாட்டேன். என்னால முடியாது. நீங்க போங்க” என்றாள்.

“போய் என்னன்னு கேக்க?”

“தெரியல.”

மத்தியானம் அவளைப் பிரசவ அறைக்குக் கொண்டு போனார்கள். வாசலில் ஒரு ஆயா நின்றாள். ஆம்பளைங்க உள்ளே வரக் கூடாது என்று, கோபமும் இல்லாமல் கனிவும் இல்லாமல், தினம் நூறு தடவை சொல்கிறவர்களின் குரலில் சொன்னாள். அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். திரும்பிப் போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அது வேறு யாருடைய குழந்தையோ. மறுபடி உட்கார்ந்தபோது, அந்தச் சத்தத்துக்கு நடுவிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. அவரைக் கூப்பிடவில்லை. யாரையுமே கூப்பிடவில்லை. வெறும் சத்தம்.

அவர் எழுந்து நேராக நடந்தார். ஆயா கையைக் குறுக்கே நீட்டினாள், ஏதோ சொன்னாள். அவர் அந்தக் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். பிறந்ததிலிருந்து அன்றுவரை, கேட்காமல் ஒரு கதவைத் தாண்டியது அவருக்கு நினைவில்லை. அப்போதும்கூட தாண்டிவிட்டோம் என்று அவருக்கு உறைக்கவில்லை.

எல்லாம் முடிந்து, அவளைத் திரும்பவும் கடைசி அறையில் விட்டார்கள். பையன். வெள்ளைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்கள், ஐந்து நிமிடம் வைத்திருங்கள் என்று. நகமெல்லாம் வளர்ந்திருந்தது. காது அவர் காதுபோலவே வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இடப்பக்கம்தான். இனி அப்படிப் படுக்க வேண்டியதில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் வாயைத் திறந்தார். கிருபை நிறைந்த பரம பிதாவே என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த தொடக்கம் வரவில்லை. முதலில் நன்றி சொல்ல வேண்டும், சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

“நான்தான்” என்றார். “இவ வர மாட்டேங்கிறா. அதான் நான் வந்தேன்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை.

“உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதுல்ல? இவன் எங்க இருந்தான்னு தெரிஞ்சிருந்துது. அப்புறம் ஏன்...” அதற்குமேல் போக முடியவில்லை. துணியின் ஓரத்தை இழுத்து அந்தக் காதை மூடினார். “கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணும் வேணாம் எங்களுக்கு.” நிறுத்தினார். அது பொய் என்று அவருக்கே தெரிந்தது. “இல்ல, வேணும். நீங்க இங்க வரணும். எங்களால எழுந்து அங்க வர முடியல. நீங்க வாங்க.”

யாரும் வந்தமாதிரி இல்லை. அறை அப்படியேதான் இருந்தது. மருந்து நெடி, நீலத் திரை, அவள் முதுகு. அவர் மறுபடி வாங்க என்றார். அவள் கை மட்டும் பின்னால் நீண்டு வந்து, அவர் வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நேரம் ஆகிவிட்டது, குழந்தையைக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

“கொஞ்சம் பொறும்மா” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். “பேசிட்டிருக்கேன்.”

யாரிடம் என்று நர்ஸ் கேட்கவில்லை. அடுத்து என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார்.