விதைப் பொடி

"அக்கா மூஞ்சி இப்பத்தான் பளிச்னு இருக்கு, பாருங்க அத்தான்," என்று சொல்லிக்கொண்டே கொழுந்தியாள் இன்னொரு கை பவுடரை அள்ளி அக்காவின் கன்னத்தில் பூசினாள்.

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை, கொழுந்தியாளின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பவுடர் டப்பாதான். ஆனால் அதில் பவுடர் தீர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"என்னத்தம்மா பூசுன?"

"கண்ணாடி முன்னாடி இருந்துச்சே, அதுதான். வாசனையே இல்ல, பழசு போல."

"அது பட்டறைப் பொடி. ஜிங்க் போரேட். ஒயர் தீப்பிடிக்காம இருக்கச் சேக்குறது."

பார்க்க உலர்ந்த பொடி. உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நன்றாகச் சூடு ஏறினால்தான் அதை விட்டு நெருப்பை அடக்கும். வீட்டுப் பின்னாலிருந்த பட்டறையில் அவர் மனைவிதான் அதைக் கலப்பாள்; வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வாள்.

"ஐயையோ! அப்ப சாயங்காலம் எரிக்கிறப்ப..." கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் கோவம் என்னைக்காவது உங்கக்காகிட்ட செல்லுபடியாச்சா? அந்த நெருப்பும் கொஞ்சம் பாடுபடட்டுமே."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த வாயோடேயே கொழுந்தியாள் அழுதாள்.

பின்வாசலில் பாய்லர்காரர் தயங்கி நின்றார். "அண்ணே, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். தொட்டி நல்லாச் சூடேறிருச்சு. இப்ப விதை போடலேன்னா கட்டி தட்டிரும்."

காலையில் ஜிங்க் ஆக்சைடையும் போரிக் பவுடரையும் வெந்நீர்த் தொட்டியில் கொட்டி, கலக்கியை ஓடவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். எழுந்திருக்கவில்லை. பாலுக்கு உறைமோர் மாதிரி, அந்தக் கலவைக்குப் போன தடவைப் பொடியில் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அந்த விதையைத்தான் டப்பாவில் வைத்திருந்தாள். அவர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. கொழுந்தியாள் தாராள மனசுக்காரி.

கட்டி தட்டினால் உடைத்துக் குப்பையில் கொட்டுவதைத் தவிர வழியில்லை. அவள் கடைசியாகக் கலந்ததைக் குப்பையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு டம்ளர் தண்ணீரும் மெல்லிய துணியும் எடுத்து வந்து அவள் அருகில் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்தார், பிறகு கன்னங்களை, கழுத்து மடிப்பை. துணியை டம்ளரில் அலசி அலசித் துடைத்தார். தண்ணீர் பாலாக வெளுத்தது. மோவாய் மச்சமும் கண்ணோரச் சுருக்கங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இதுதான் அவருக்குத் தெரிந்த முகம்.

"பாவமில்லையா அத்தான்?"

"வீணாக்கினாத்தான் திட்டுவா. பட்டறைலேருந்து வந்து கிட்டப் போனாலே, 'கையக் கழுவிட்டு வா'ம்பா. இன்னைக்கு வாயத் திறக்கலையே."

டம்ளரை உள்ளங்கையால் மூடிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். சின்னத் தொட்டிதான், அது போதும். கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். கலக்கி சுற்றிக்கொண்டிருந்தது.

அவளை எடுத்துப்போக வண்டி வருவதற்குச் சற்று முன்னால், பாய்லர்காரர் ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் மொண்டு வந்து காட்டினார். வெள்ளைப் பொடி அடியில் படிந்திருந்தது. மேலே தண்ணீர் தெளிவாக நின்றது.

"அமஞ்சிருச்சுண்ணே. அண்ணி சரக்கு என்னைக்குத் தப்பிருக்கு?"

அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. விரலை விட்டுப் பொடியைத் தேய்த்துப் பார்த்தார், மாவாக இருந்தது. "நாளைக்குக் காஞ்சதும் டப்பாவுல விதை எடுத்து வச்சிருங்க," என்றார்.

பிறகு குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டு உள்ளே வந்து அவள் கன்னத்தைத் தொட்டார்.