மிச்சமிருந்த ஒரு சொல்

ஐஸ் பெட்டியின் மேல் போர்த்திய கட்சிக் கொடியைப் பொன்னுரங்கம் மறுபடியும் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். சின்னம் நெஞ்சுக்கு நேராக வர வேண்டும், முகம் மறையக் கூடாது, பெட்டியை வாடகைக்குக் கொடுத்த கடையின் பெயர் டிவியில் தெரியக் கூடாது. மூன்றும் ஒன்றாகச் சேராமல் மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. பகுதிச் செயலாளர் ஆன நாளிலிருந்து அவர் இப்படித்தான், கல்யாண வீடென்றாலும் சாவு வீடென்றாலும் மேடை அலங்காரம்தான் முதலில்.

"நீ அந்த முனையப் புடிம்மா" என்றார்.

அன்புக்கரசி அப்பாவின் கால் பக்கம் குனிந்து கொடியைப் பிடித்தாள். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்புறத்தில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் பாஞ்சாலி அத்தை நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. புடவைத் தலைப்பில் எதையோ முடிந்து அந்த முடிச்சைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அம்மா, அத்தை வந்திருக்காங்க."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. "வரட்டுமே. வாசல் தெறந்துதானே இருக்கு" என்றாள்.

திறந்துதான் இருந்தது. ஆனால் அத்தை அந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்பது அம்மாவுக்கும் தெரியும். நேற்று சாயங்காலம் நடந்ததற்குப் பிறகு அவள் இந்தத் தெரு வரை வந்ததே அன்புக்கரசிக்கு ஆச்சரியமாக இருந்தது. எப்படியாவது அவளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். பெட்டி கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும்.

அப்பா துரைராஜ் ஆற்றோரத்தில் பிறந்தவர். அடையாறு தெற்கே வளையும் இடத்தில் இருந்த குடிசைகளில் ஒன்றில் அக்கா பாஞ்சாலிதான் அவரைத் தூக்கி வளர்த்தாள். முதல் கவுன்சிலர் தேர்தலுக்குப் போஸ்டர் ஒட்ட மைதா பசை காய்ச்சியது அவள் வீட்டு அடுப்பில். கொதிக்கும் பசை தெறித்து வந்த தழும்பு இன்னும் அவள் முழங்கையில் இருக்கிறது. அதன் பிறகு அவர் எம்.எல்.ஏ. ஆனார், கொறடா ஆனார், கடைசியில் பேரவைத் தலைவராகி அந்த உயரமான நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு முறை ஜெயித்தபோதும் முதல் மாலையைக் கழற்றி அக்கா கழுத்தில் போட்டார். அதை போட்டோ எடுக்கவும் சொன்னார், அது வேறு விஷயம்.

ஆற்றோர வீடுகளை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்த வருஷம், பாஞ்சாலி தெருவையே கூட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். "நான் பாத்துக்கறேன்க்கா" என்றார் துரைராஜ். அவர் பார்த்துக்கொள்வார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். சபையில் அந்த விஷயம் வரும் நாளில் பார்வையாளர் மாடத்துக்கு அன்புக்கரசி அத்தையைக் கூட்டிப் போனாள். தம்பியை அந்த நாற்காலியில் பார்க்க அத்தை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து ஆற்றோர வீடுகளைப் பற்றி ஆரம்பித்தார். துரைராஜ் "உட்காருங்க" என்றார். உறுப்பினர் விடாமல் பேசினார். "உட்காருங்க, உட்காருங்க, எதுவும் பதிவாகாது" என்றார். அடுத்த பொருளுக்குப் போனார்கள். அவ்வளவுதான், ஒரு தெருவின் கதையே முடிந்துவிட்டது. அப்போதுதான் மாடத்திலிருந்து அத்தை எழுந்து, வீட்டில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டாள்.

"டேய் தொர! இன்னாடா இது!"

கீழே சிலர் சிரித்தார்கள். துரைராஜ் நிமிர்ந்து பார்த்தார். அக்காவைத்தான் பார்த்தார், நேருக்கு நேர். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உட்காருங்க. பார்வையாளர்கள் அமைதியா உட்காருங்க."

காவலர்கள் வந்து அவளை வெளியே அழைத்துப் போனார்கள். கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தை வீட்டைப் பற்றிப் பேசவில்லை. "என்னெ வாங்க போங்கன்றான்டி" என்றாள். "போடின்னு சொல்லியிருந்தாகூட தாங்குவேன். உக்காருக்கான்னு சொல்ல வாய் வரல அவனுக்கு. யாரோ ஒருத்திக்குச் சொல்ற மாதிரி சொல்றான்." அதற்குப் பின் அவள் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடுகளை இடித்தார்கள், பெரும்பாக்கத்தில் மாடி வீடு கொடுத்தார்கள், அவள் போனாள். துரைராஜ் இருமுறை கார் அனுப்பினார். இரண்டு முறையும் கார் வெறுமனே திரும்பி வந்தது.

பதவி போன பிறகு பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒரு வாரத்தில் வாய் திறந்தது, ஆனால் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"உட்காருங்க."

யோசிக்காமலே வாயில் பழகிப்போன சொல் சில பேருக்கு இப்படித் தங்கிவிடும் என்றார் டாக்டர். பசித்தால் உட்காருங்க. வலித்தால் உட்காருங்க. ஜன்னலில் காக்கை வந்து கத்தினாலும் அதேதான். சாந்தோமிலிருந்து வந்து அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஈவ்லின், "உக்காந்துதான் சார் இருக்கேன், இன்னும் எங்க உக்காரச் சொல்றீங்க" என்று சிரித்துக்கொண்டே கஞ்சி ஊட்டுவாள். குரலை வைத்தே இது தண்ணீர், இது பாத்ரூம், இது கோபம் என்று பிரிக்க அன்புக்கரசி கற்றுக்கொண்டாள்.

வெளியே யாருக்கும் தெரியாது. பேரவையையே குரலால் ஆட்டிவைத்தவர் இப்படிக் கிடக்கிறார் என்று தெரிந்தால் பத்திரிகைக்காரன் கார்ட்டூன் போடுவான் என்றார் பொன்னுரங்கம். ஜோதிலட்சுமிக்கும் அதுதான் சரி என்று பட்டது. உடல்நலக் குறைவு, ஓய்வில் இருக்கிறார், அவ்வளவுதான் செய்தி. சொந்தக்காரர்களைக்கூட மாடி ஏற விடவில்லை.

நேற்று மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அன்புக்கரசிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அத்தைக்குப் போன் போட்டாள். "அத்தே, அப்பாக்கு முடியல. ஒரு நிமிஷம், அப்பாட்ட குடுக்கறேன், பேசுங்க" என்று சொல்லி அவர் காதில் வைத்தாள். மறுமுனையில் அத்தை "தொர" என்றாள். அந்தக் குரல் கேட்டதும் துரைராஜுக்கு முகமெல்லாம் கோணியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. உதடுகள் எதற்கோ பாடுபட்டன.

"உட்காருங்க" என்றார். "உட்காருங்க... உட்காருங்க."

போன் கட்டாகிவிட்டது. அப்போதுதான் அன்புக்கரசிக்கு உறைத்தது. எதையும் சொல்லாமல் கொடுத்துவிட்டாள். இந்த வீட்டில் பழகிப் பழகி, அந்தச் சொல் அவளுக்குச் சொல்லாகவே கேட்பதில்லை. திரும்பத் திரும்ப அழைத்தாள். அத்தை எடுக்கவில்லை. விடிவதற்குள் துரைராஜ் போய்விட்டார்.

இப்போது அவள் பிடித்திருந்த கொடியை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அதற்குள் தெருவில் விசில் சத்தம் கேட்டது. கட்சித் தலைவரின் கார் வரிசை திரும்பிவிட்டது. போலீஸ்காரர்கள் இரண்டு பக்கமும் கயிறு பிடித்தார்கள்.

"நான் எதிர்ப்பக்கம் போகணும்" என்றாள் பெண் போலீஸிடம்.

"தலைவர் போற வரைக்கும் யாரும் கிராஸ் பண்ணக் கூடாது மேடம்."

"நான் அவர் பொண்ணு."

"தெரியும் மேடம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அத்தை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரைவேட்டிக்காரர் ஒருவர், வயசான அம்மா நிற்கிறாளே என்று, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிப் போய் அத்தை அருகில் போட்டார். கையைக் காட்டி ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்பது அன்புக்கரசிக்குத் தெரியும். அத்தை அந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

தலைவர் உள்ளே போய் மலர் வளையம் வைத்தார், ஜோதிலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், வெளியே வந்து மைக்குகளைப் பார்த்துப் பேசினார். "கணீர்னு ஒரு குரல். அந்தக் குரல் எழுந்தா சபையே கட்டுப்படும். கடைசி மூச்சு வரைக்கும் மக்களுக்காகப் பேசின குரல் இன்னிக்கு ஓஞ்சு போச்சு." பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கார்கள் போய்க் கயிறு தளர்ந்ததும் அவள் தெருவைத் தாண்டினாள்.

"அத்தே, உள்ள வாங்க."

"வேணாண்டி. பொட்டி வெளிய வர்றப்ப பாத்துட்டுப் பூடறேன்."

"நேத்து போன்ல அப்பா..."

"அத வுடு." அத்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சாவற நேரத்துலயாவது அக்கான்னுவான்னு நெனச்சேன். அப்பவும் அதே வாங்க போங்கதான். இருக்கட்டும். பெரிய மனுசன்."

"அவருக்குப் பேச்சே கெடையாது அத்தே! ரெண்டு வருஷமா கெடையாது. அந்த ஒரு வார்த்தைதான் வரும். வேற எதுவும் வராது."

பொன்னுரங்கம் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். "அன்பு, மெதுவாம்மா, டிவிக்காரங்க நிக்கறாங்க" என்று தோளைத் தொட்டார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். குரலை இன்னும் உயர்த்தினாள்.

"பசிச்சா அதுதான் சொல்லுவாரு. வலிச்சா அதுதான். அம்மாவக் கூப்பிடவும் அதுதான். காக்காவப் பாத்துகூட அதுதான் சொல்லுவாரு. உங்க குரல் கேட்டதும் என்னமோ சொல்ல அவ்ளோ கஷ்டப்பட்டாரு, நான் பாத்துட்டே இருந்தேன், வாய்ல அதுதான் வந்துச்சு."

இஸ்திரிக்காரன் தேய்க்கும் பெட்டியைத் தூக்கிய கையோடு நின்றான். அத்தை மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"ரெண்டு வருசமாவா?"

"ஆமா."

"ஏண்டி எனுக்குச் சொல்லல?"

அன்புக்கரசி பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "வெளிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க அத்தே" என்றாள்.

"நான் வெளியாளா?"

அத்தை தலைப்பு முடிச்சை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"நேத்து அழுதானா?"

"அழுதாரு."

"மூக்கு உறியற சத்தம் கேட்டுச்சு. சளி புட்ச்சிக்கீதுன்னு நெனச்சுக்கினேன்."

அத்தை தெருவைத் தாண்டி, வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வாசலை மிதித்து உள்ளே போனாள். நின்றவர்கள் வழி விட்டார்கள். ஜோதிலட்சுமி அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். அத்தை உட்காரவில்லை.

"மயானத்துல நேரம் குடுத்துருக்காங்க, சீக்கிரம்" என்று பொன்னுரங்கம் அவசரப்படுத்தினார். அன்புக்கரசியின் தம்பி தமிழ்மாறன் பானையும் தீயுமாக வாசலில் தயாராக நின்றான். பெட்டியின் கண்ணாடியைத் தூக்கினார்கள். சடங்கு செய்ய வந்தவர், "கூடப்பொறந்தவங்க யாராவது இருந்தா வாய்க்கரிசி போடுங்க" என்றார்.

அத்தை தலைப்பை அவிழ்த்தாள். பெரும்பாக்கத்திலிருந்து கொண்டு வந்த பச்சரிசி. அப்பாவின் தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவளே தளர்த்தினாள். வாய் லேசாகத் திறந்துகொண்டது. அத்தை அரிசியைக் கையில் வைத்தபடி அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்லப்போகிறவன் வாயைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார்.

"சரிடா" என்றாள் அத்தை. அரிசியைப் போட்டாள். துணியைத் திரும்ப இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுக் கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு அரிசியை எடுத்து உதட்டின் நடுவே வைத்தாள்.

தூக்கினார்கள். பறைச் சத்தமும் கோஷமும் தெருமுனை திரும்பித் தேய்ந்துபோயின. ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஜோதிலட்சுமியை யாரோ உள்ளறைக்குக் கூட்டிப் போனார்கள். கூடத்தில் உதிர்ந்த சாமந்தி கிடந்தது. ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் அடியிலிருந்து கசிந்த தண்ணீர் நீளமாகத் தேங்கியிருந்தது.

வீடு கழுவ ஈவ்லின் வாளியும் துடைப்பமுமாக வந்தாள். சுவரோரம் வாடகை நாற்காலிகள் அடுக்கியிருந்தன. காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த அத்தை அவற்றைத் தாண்டி நடந்து வந்தாள். தலைமாடு இருந்த இடத்தில், ஈரத் தரையில், புடவை நனைவதைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

ஈவ்லின் அன்புக்கரசியைப் பார்த்தாள். அன்புக்கரசி இப்போது வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஈவ்லின் வாளியைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள்.