ஓடாத மில்

லைன்மேன் கம்பத்தின் மேலிருந்து பார்த்தான். மாவு மில்லுக்குள் போவது அவன் பெண்டாட்டியேதான். இடுப்பில் கோதுமை வாளி.

ஊருக்கே கரண்டை நிறுத்திவிட்டுத்தான் அவன் மேலே ஏறியிருந்தான். சாயங்காலம் வரை வராது என்று காலையில் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியும் இருந்தான். ஓடாத மில்லில் இவளுக்கு என்ன வேலை? மூன்று மாதம் முன்பு கரண்டை நிறுத்திய அன்றும் இதே வாளியோடு போய், அரைக்காத கோதுமையோடு திரும்பினாள். கேட்டதற்கு, "மறந்துட்டேங்க" என்றாள். மறப்பாள், மறப்பாள்! மில்காரன் தலைக்குச் சாயம் அடிக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான்.

கயிற்றைக்கூடச் சுருட்டாமல் இறங்கி ஓடினான். மில் வாசலில் மில்காரனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். இவனைக் கண்டதும் அவள் முகம் வெளிறிப்போனது.

"உள்ள போகாதீங்கண்ணே!"

இது போதாதா? பின்னறைக் கதவை ஓங்கித் தள்ளினான்.

உள்ளே மில்காரன் இல்லை. ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு வாளியோடு. நடுவில் ஒரு நர்ஸம்மா. ஸ்டூலில் அவன் மனைவி, ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஊசி இது?"

"மூணு மாசத்துக்குக் கர்ப்பம் தங்காம இருக்கிற ஊசி," என்றாள் நர்ஸம்மா. "ஆஸ்பத்திரிக்கு இவங்க ரெண்டு பஸ் மாறணும். போனா ஊரே ஏன்னு கேக்கும். அதான் நாங்களே வர்றோம். கரண்ட் இல்லாத நாள்ல மில்லுப் பக்கம் ஆம்பளைங்க யாரும் வரமாட்டாங்க."

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"கேட்டேனே. மூணாவது பிரசவத்துல ரத்தம் நிக்காம, செத்துப் பொழைச்சுப் படுக்கையில கெடந்தப்பவே, இதோட போதும்ங்கன்னு கேட்டேன். அடுத்தது பையன்தான், பயப்படாதேன்னு சிரிச்சீங்க."

சிரித்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. வெட்கத்தில் அவனால் தலை நிமிர முடியவில்லை.

"மில்காரர்னு நெனச்சுத்தானே ஓடி வந்தீங்க? அப்படியே நெனச்சுக்கிட்டாலும் பரவால்ல, இது மட்டும் தெரியக் கூடாதுன்னு இருந்தேன்."

சொல்லிவிட்டு நர்ஸம்மாவிடம் கையை நீட்டினாள். ஊசி ஏறியது.

மற்ற பெண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்களோடு தினமும் டீக்கடையில் வெட்டிக்கதை பேசுகிறவன் இவன்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்," என்றான். ஒருத்தி வாசலைக் கை காட்டினாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். டீக்கடையில் மில் பேச்சு வந்தபோதெல்லாம் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டான். ஆனால் அடுத்த ஊசிக்கான மாதம் வந்தபோது மில்லின் பின்னறையை எட்டிப் பார்த்தான்; தவிட்டு மூட்டைகள்தான் அடுக்கியிருந்தன. இவளுக்கு ஊசி தவறினால் என்ன ஆகும்?

வீட்டுக்குப் போய், அடுப்படியில் நின்றவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"நர்ஸம்மா இப்போ எங்க வர்றாங்க? நானே பைக்குல கொண்டுபோய் விடறேன்."

அவள் திரும்பி, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த நர்ஸம்மா?" என்றாள்.