இருபத்தேழாவது கையெழுத்து

அந்த வாரம் மார்னி வோஸுக்கு ராத்திரிக்கு நாலு மணி நேரத் தூக்கம்தான். நாடகம் சனிக்கிழமை. அன்றைக்குச் செவ்வாய். பள்ளிக்கூடத்தில் நாடகம் போடுகிற பிள்ளைகள் இந்தக் கடைசி வாரத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை வீட்டில் சொன்னால் அம்மா சோப்பை எடுத்து வாயைக் கழுவிவிடுவாள்.

மார்னி நடிக்கத்தான் போனாள். குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. ஹால்வர்சன் மிஸ் ஒரு தடித்த ஃபைலையும் பென்சிலையும் அவள் கையில் கொடுத்து, "நீதான் ஸ்டேஜ் மேனேஜர்" என்றார். பெரிய பதவி கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். மார்னி அதை நம்பவில்லை. இருந்தாலும் எட்டு வாரத்தில் வேலை பிடிபட்டுவிட்டது. எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், யார் எந்தப் பக்கமாக நுழைய வேண்டும், எவன் எந்த வசனத்தை விழுங்கினான், இருட்டில் நாற்காலி வைக்கத் தரையில் எங்கே டேப் ஒட்ட வேண்டும், எல்லாம் அந்த ஃபைலுக்குள் இருந்தது. கைதட்டு மட்டும் அதற்குள் வராது.

வேலையில் பாதி, கதவோரம் தொங்கிய ஒரு தாள். மூணே முக்காலுக்குள் ஒவ்வொருவரும் வந்து தன் கையால் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மூணே முக்கால் அடித்ததும் மார்னி தாளைக் கழற்றிவிடுவாள். மூன்று தடவை கையெழுத்து விட்டுப்போனால் நாடகத்தில் இடம் கிடையாது. மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். "நான் கதவப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன் மார்னி. உன் தாள் என்ன சொல்லுதோ, அதுதான் எனக்கு உண்மை."

நெல்ஸ் பெக்கர் இரண்டு தடவை விட்டிருந்தான். முதல் தடவை பசு கன்று போட்டது என்றான். இரண்டாவது தடவை டயர் பஞ்சர் என்றான். மாட்டுப் பண்ணை வீட்டுப் பையன், இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பார்த்தவர் யாரும் இல்லை.

அவன்தான் நாடகத்தில் படகுத் தலைவன். பனிமூட்டத்தில் ஏரி நடுவே வழி தெரியாமல் நிற்கிற படகின் கதை. அவன் வாயைத் திறந்தால் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கும். மார்னியைத் தினமும் வீட்டில் கொண்டுபோய் விடுவதும் அவனுடைய பிக்கப் வண்டிதான். அம்மாவுக்குச் சீஸ் ஆலையில் இரண்டாவது ஷிப்ட். வேறு வண்டி கிடையாது.

மணி மூன்று நாற்பது. தாளில் இருபத்தாறு கையெழுத்து விழுந்திருந்தது. அவன் பெயருக்கு நேராக வெறும் கோடு. போன் நடுங்கியது.

"மேனேஜரம்மா, பத்து நிமிஷத்துல வந்துடுவேன். என் பேருல ஒரு கிறுக்கு கிறுக்கிடு. ப்ளீஸ்டீ."

அவள் போனைப் பைக்குள் போட்டாள். வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். மூணே முக்கால் ஆயிற்று. மூணு ஐம்பது ஆயிற்று. ரோட்டில் பால் லாரி ஒன்று போனது. அவ்வளவுதான். கால் வலித்தது. கண்ணுக்குள் மணல் கொட்டினாற்போல் எரிந்தது. இவனை வெளியே தள்ளினால் யார் நடிப்பது, எட்டு வாரம் எங்கே போகும் என்று யோசித்தாள். யோசிக்கத் தெம்பில்லாமல் பென்சிலை எடுத்தாள். அவன் கையெழுத்து ஒரு வளைவும் ஒரு இழுப்பும்தான். ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

தாளைக் கழற்றி ஃபைலில் செருகியபோது மணி நாலு ஐந்து. நாலு மணிக்குள் ஆபீசுக்குப் போய், இன்றைக்குப் புகை மிஷின் போடப் போகிறோம், அரங்கத்து அலாரத்தை அணைத்து வையுங்கள் என்று சொல்ல வேண்டும். அவள் கையாலேயே பட்டியலில் எழுதியிருந்தாள். ரோட்டைப் பார்த்து நின்றதில் அது மறந்தேபோயிற்று. அவளுக்கு நினைவே வராமல் ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

முதல் அங்கத்துக்கு விளக்குச் சரிபார்ப்பு நடந்தது. படகுத் தலைவன் இரண்டாம் அங்கத்தில்தான் வருவான். யாரும் அவனைத் தேடவில்லை. நாலரைக்கு, பின்னாலிருந்து புகையைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள் என்றார் மிஸ். மார்னி ஹெட்செட்டில் சொன்னாள். புகை மிஷின் பையன்கள் கொஞ்சம் என்றால் என்ன என்று அறியாதவர்கள். மேடை வெள்ளையாகிவிட்டது. அரை நிமிஷத்தில் பள்ளிக்கூடம் முழுக்க மணி அலறியது.

எல்லாரும் பார்க்கிங்குக்கு ஓடினார்கள். ஏப்ரல் மாதம். ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. மெல்லிய நாடக உடுப்பில் பிள்ளைகள் நடுங்கினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. ஊர்க்காரர்கள்தான், வேலையை விட்டுவிட்டு ஓடிவருகிறவர்கள். தலைவர் டுவேன் ராஷ், டிராக்டர் ரிப்பேர்க்காரர்.

"எத்தன பேரு உள்ள இருந்தாங்க?"

"மார்னி, தாளக் குடு" என்றார் மிஸ்.

தாளில் இருபத்தேழு. ராஷ் விரலை நீட்டி நீட்டி எண்ணினார். இருபத்தாறு. மறுபடியும் எண்ணினார். அப்போதும் இருபத்தாறு.

"யாரு கொறையறது?"

"நெல்ஸ்" என்றது ஒரு குரல்.

"நான் பாத்தேன் சார்" என்றான் ஓரின், நெல்ஸின் கூட்டாளி. "பேண்ட் வாத்திய ரூம் பெஞ்சுல படுத்திருந்தான். தூங்கிட்டிருப்பான்." நண்பனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துச் சொன்ன பொய். வாய் கூசாமல் சொன்னான்.

வெறும் மிஷின் புகைதான் என்று தெரிந்தாலும், ஆள் குறைந்தால் உள்ளே போய்த் தேடியாக வேண்டும். ராஷ் தன் ஆட்கள் இருவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் முதுகில் காற்று உருளையை ஏற்றிக் கட்ட ஆரம்பித்தார்கள். அதில் ஒருவருக்கு அறுபது வயது இருக்கும். தொப்பை வாரில் இடித்தது. அப்போதே மூச்சு வாங்கினார்.

போன் நடுங்கியது. "பின் கேட்டுக்கு வந்துட்டேன். என்னடி இவ்ளோ கூட்டம்? மரவேலை ரூம் கதவு வழியா உள்ள பூந்து வரேன். பாத்ரூம்ல இருந்தேன்னு சொல்லிக்கலாம். நீ வாயத் தெறக்காத."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஐந்து நிமிஷத்தில் அவன் உள்ளிருந்து நடந்து வருவான். எல்லாரும் சிரிப்பார்கள். ராஷ் திட்டுவார். சனிக்கிழமை நாடகம் நடக்கும். மார்னிக்கு அது நன்றாகத் தெரிந்தது. அந்த வயசான ஆள் முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் உள்ள இல்ல" என்றாள். மூன்றாவது வரிசையைத் தாண்டாத அதே குரல். ராஷுக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "சார், உள்ள யாரும் இல்ல. அந்தக் கையெழுத்து நான் போட்டது. அவன் இன்னும் வரவே இல்ல. இப்பத்தான் பின் கேட்டுல நிக்கறான்."

ராஷ் அவளை ஒரு தரம் பார்த்தார். திட்டவில்லை. "டேய், கழட்டுங்க" என்று ஆட்களிடம் சொன்னார். அப்புறம் ஓரின் பக்கம் திரும்பினார். "பெஞ்சுல படுத்திருந்தவன் யாருப்பா? பேயா?" ஓரின் தன் ஷூவைப் பார்த்தான். ஒருத்தன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஹால்வர்சன் மிஸ் ஃபைலை வாங்கிப் புரட்டினார். எட்டு வாரத்துத் தாள்கள்.

"இதுல எத்தன உன் கையெழுத்து?"

"இது ஒண்ணுதான் மிஸ்."

"அத நான் எப்படி நம்பறது?"

 நம்ப வைக்க அவளிடம் இருந்தது அந்தத் தாள்கள் மட்டும்தான். மிஸ் ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கண்ணுக்கடியிலும் கறுப்பு விழுந்திருந்தது.

"அலாரம்?"

"சொல்ல மறந்துட்டேன்."

"சரி. வேற ஆளுக்குக் கத்துக்குடுக்க நேரமில்ல. சனிக்கிழம வரைக்கும் நீ பாரு. அடுத்த நாடகத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

நெல்ஸ் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தான். ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரை சேறு. மிஸ் அவனிடம் நாலே வார்த்தை பேசினார். அவன் மார்னியைப் பார்த்தான்.

"அஞ்சு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம்ல?"

 நெல்ஸுக்குப் பதில் ஓரின் வசனப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படகுத் தலைவனாக நிற்பது என்று முடிவானது. மோசமாகத்தான் நிற்பான்.

மணியடித்து ஓய்ந்ததும் திரும்ப உள்ளே போய் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மார்னி ஹெட்செட்டில் நம்பரைச் சொன்னாள், விளக்கு மாறியது. வழக்கமாக அந்த ஒயரில் ஓடுகிற கேலியெல்லாம் அன்றைக்கு இல்லை. ஓரின் ஏழு தடவை புத்தகத்தில் வரியைத் தவறவிட்டான். ஏழு தடவையும் அவள் எடுத்துக் கொடுத்தாள். ஒரு தடவைகூட அவன் தலை நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

ஏழரைக்கு வெளியே வந்தாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வீடு நாலு மைல். பார்க்கிங்கில் அந்த பிக்கப் நின்றிருந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டு. அவளுக்காக நிற்கிறானா, வீட்டில் அப்பாவிடம் சொல்லப் பயந்து நிற்கிறானா, அவளுக்குப் புரியவில்லை. கால் நடக்க மறுத்தது. கண்ணாடியைத் தட்டினாள். அவன் கதவைத் திறந்தான்.

இரண்டு மைல் போனார்கள். வண்டிக்குள் சாண நாற்றம்.

"இன்னைக்கும் நெஜமாவே பசுதான் மார்னி. கன்னு குறுக்கால மாட்டிக்கிச்சு. தோள் வரைக்கும் கைய விட்டு இழுத்தேன். நம்பறியா இல்லையா?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். கழுவிய கை. கழுவிய கை எதையும் சொல்லாது.

"தெரியல. மூணே முக்காலுக்கு நீ அங்க இல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"கன்னு செத்துப்போச்சு" என்றான்.

அவள் "ம்" என்றாள். ஃபைல் மடியில் கனத்தது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் மிஸ்ஸுக்கு எழுதிக் கொடுக்கிற அறிக்கையை அன்றைக்கு அவள் இன்னும் எழுதவில்லை. தாமதம் என்ற இடத்தில் இவன் பெயர், பொய்க் கையெழுத்து என்று தன் பெயர். பொய்க் கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. கீழே தனியாகக் கோடு போட்டுத்தான் எழுத வேண்டும்.