வளையத்தை வெட்டிய பிறகு

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அண்ணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என் ரிசல்ட் காணாமப் போச்சு" என்றாள். அப்போதே எனக்குக் கை பரபரத்தது.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'ஆய்வுக்கூடத்தின் வெள்ளை வெளிச்சத்தில் அவள் கண்ணீர்…'

வேண்டாம். "அழுதேன்னு எழுதினா உன்கூடப் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

2

(கொஞ்சம் அறிவியல். தாண்டிப் போய்விடாதீர்கள், கதையே இதற்குள்தான்.)

செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. உண்டு, வளையமாக மூடியிருக்கும். அதன் எழுத்துகளில் மெத்தில் என்ற வேதிக்குறி ஒட்டியிருக்கிறதா என்பதே அண்ணியின் கேள்வி. ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால் குறி இல்லாத எழுத்து மாறிவிடும், உள்ளது மாறாது. மாறாததை எண்ணினால் போதும். தசைநோய் உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் குறி ஏராளம், மற்றவர்களிடம் குறைவு. நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் வந்துவிடும் என்று எல்லோரும் குதித்தார்கள்.

அண்ணிக்கு மட்டும் உறுத்தியது. குறியே கிடையாது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு வளையத்தைச் சோதித்தாள். அதிலும் குறி தெரிந்தது! முறுக்கிக் கிடந்த வளையத்துக்குள் ரசாயனம் சரியாகப் புகவில்லை; அதனால் மாறாமல் நின்ற எழுத்தெல்லாம் குறி என்று கணக்கில் வந்துவிட்டது. நொதியால் வளையத்தை வெட்டி நேராக்கிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அளந்தாள். குழந்தைகளின் ரத்தத்திலும் குறி அநேகமாக மறைந்துபோனது.

நோயாளிகளின் ரத்தம் புதிது, வளையம் முழுசு. மற்றவர்களுடையது ஃப்ரீசரில் வெகுகாலம் கிடந்து உடைந்தது.

"நான் நோயை அளக்கல. ரத்தம் எவ்வளவு பழசுன்னு அளந்திருக்கேன்."

3

ஆய்வுக்கூடத் தலைவரை எல்லோரும் 'தலை' என்பார்கள். அண்ணி நேரே அவர் அறைக்குப் போனாள்.

"கட்டுரையை அனுப்பியாச்சும்மா. இப்பப் போய்க் கிளறணுமா?"

"வாபஸ் வாங்கிடலாம் சார்."

"டெஸ்ட் வருதுன்னு பெத்தவங்ககிட்டச் சொல்லிட்டேனே!"

"அதனாலதான் சார் வாங்கச் சொல்றேன்."

(இந்த இடத்தில் தலையை வில்லனாக்கி ஒரு பத்தி இருந்தது. அண்ணி அடித்துவிட்டாள். "அவர் கெட்டவர் இல்ல. ஆசைப்பட்டுட்டார். நானுந்தான்.")

தலை வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பெற்றோர்களிடம் பேசும் வேலையை அண்ணி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு தாய் போனில் கேட்டாள்: "அப்ப என் பொண்ணுக்கு?"

"இன்னும் தெரியலம்மா. சரியா அளந்துட்டு நானே கூப்பிடறேன்."

திட்டப்போகிறாள் என்று அண்ணி காத்திருந்தாள்.

"மறுபடி ரத்தம் வேணுமா? கூட்டிட்டு வரேன்."

(அந்தத் தாயின் முகத்தை வருணிக்க… தொலைபேசியில் முகம் ஏது?)

4

இப்போது எல்லாருடைய ரத்தத்தையும் ஒரே நாளில் எடுத்து, எல்லா வளையத்தையும் வெட்டியாகிவிட்டது. ரசாயனமே தேவைப்படாத இன்னொரு கருவியிலும் சரிபார்க்கிறாள். குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும். எது யாருடையது என்பது தலைக்கு மட்டும் தெரியும். தன் ஆசை கணக்கில் கலந்துவிடக் கூடாதென்று அண்ணியே கேட்டுக்கொண்ட ஏற்பாடு.

நான் இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில், கொஞ்சமாவது குறி மிஞ்சுகிறது. அந்தத் தாய்க்கு நல்ல சேதி. மற்றதில், ஒன்றும் இல்லை. அண்ணி வேறு வழி தேடத் தொடங்குகிறாள்.

இரண்டையும் படித்தாள்.

"இதுல எது நடக்கணும்னு நீ ஆசைப்படறே?"

"முதலாவது அண்ணி."

"அப்ப ரெண்டையும் கிழி."

கிழித்துவிட்டேன். கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். வைத்துக்கொள்ளுங்கள், அண்ணியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.