எட்டு வயரும் ஒரு சிரட்டையளவு இடமும்

பாடசாலையில் மின்சாரப் பாடம் நடத்துகிறவன் நான். கரும்பலகையில் ஒரு பல்ப், ஒரு பற்றரி, இரண்டு கோடு. நான் கீறிய பல்ப் ஒருநாளும் எரியாமல் விட்டதில்லை. அந்தத் திமிரில்தான் என் மனைவி றுஸ்தாவின் தங்கை கமீலாவுடைய புதுவீட்டில் கைவைத்தேன்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பார். அப்படி நானும் சாய்ந்தமருதுக்கு வந்து, ஐந்து வருடமாக மாமி சமைத்ததைத் தின்று கொழுத்திருந்தேன். மாமா மௌத்தாகி வெகுகாலம். மாமி தனியாளாகக் கஷ்டப்பட்டு அதே வளவில் கமீலாவுக்கும் ஒரு வீடு கட்டிவிட்டார். அதைப் பார்க்க அன்று பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வீடு பிடித்தால்தான் கலியாணப் பேச்சு நகரும்.

வயறிங் செய்த அபூசாலி ஒரேயொரு குறை வைத்திருந்தான். முன்னறை ஹோல் விளக்கு சீலிங்கோடு ஒட்டாமல் ஒரு விரல் கீழே இறங்கி நின்றது.

"விளக்குக்குப் பின்னால உள்ள பொட்டி தேங்காச் சிரட்டையளவுதான் சேர். எட்டு வயர் கிடக்கு. நாளைக்குப் பெரிய பொட்டி கொண்டுவாறன். நீங்க கைவெக்காதீங்க" என்றான்.

'சேர்' என்று கூப்பிட்டுக்கொண்டே கைவைக்காதே என்கிறான். எனக்குச் சுருக்கென்றது.

அவன் போனதும் மெயினை அணைத்துவிட்டு மேசைமேல் ஏறினேன். பெட்டிக்குள் வயர்கள் இடியப்பம் பிழிந்த மாதிரிக் கிடந்தன. ஒன்றை உள்ளே தள்ளினால் இரண்டு வெளியே வந்தன. நீளம்தான் பிரச்சினை என்று என் விஞ்ஞானம் கண்டுபிடித்தது. எட்டையும் ஒட்ட வெட்டினேன். பெட்டி அவ்வளவு துப்புரவாகிவிட்டது. பிறகு பொருத்தப் பார்த்தால் எந்த வயரும் எந்த வயரையும் எட்டவில்லை. இழுத்து முறுக்கினால் பக்கத்தில் முறுக்கியது கழன்றது. வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டதும் முனைகளுக்கு டேப்பைச் சுற்றி, விளக்கை வைத்து அழுத்தி ஆணியை முடுக்கி, இறங்கி ஓடி மெயினைப் போட்டேன். சீலிங்கோடு என்ன அழகாக ஒட்டி நின்றது! எரியாது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் வாப்பா மீராசாஹிபு சுவரைத் தட்டிப் பார்த்தார். உம்மா ஹவ்வா உம்மா குசினிக்குள் போய் அடுப்படியைச் சுற்றி வந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. மீராசாஹிபு ஹோல் சுவிட்சைப் போட்டார், ஒன்றுமில்லை. அறைகளிலும் போட்டார், அங்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்கே அந்தப் பெட்டி வழியாகத்தான் மின்சாரம் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கரண்ட் போயிட்டு" என்றேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. நாடு முழுக்க மின்வெட்டு. யாரும் நம்பக்கூடிய பொய்தான். ஆனால் நான் வாய் மூடுமுன்னே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு கணீரென்று கிளம்பியது.

பாங்கு சொல்லும்போது நாங்கள் கதைப்பதில்லை. பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். என் பொய்யை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாரும் வாய் பொத்தி நின்றோம். அவ்வளவு நீளமான பாங்கை நான் கேட்டதே இல்லை. வயரோடு சேர்த்துக் கமீலாவின் வாழ்க்கையையும் வெட்டிப்போட்டேனே!

பாங்கு முடிந்ததும் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"மருமகன் சொல்றது சரிதான். பள்ளியில ஜெனரேட்டர் இரிக்கி."

ஒரு வக்துத் தொழுகைகூடத் தவறாத மனுசி. என் மானத்துக்காக அவர் பொய் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல, கரண்ட் இரிக்கி" என்றேன். "நான்தான் வயரெல்லாம் கட்டையா வெட்டிப்போட்டன். வீட்டுல ஒரு குறையும் இல்ல. குறை என்னிலதான்."

மீராசாஹிபு என்னைப் பார்க்கவில்லை. திரைப் பக்கம் திரும்பினார்.

"நான் அந்தப் பள்ளி நிருவாகத்துல ஒரு மரைக்கார். ஜெனரேட்டர் வாங்கோணும் எண்டு ரெண்டு வருசமாக் கூட்டம் போடுறம். நீங்க ஒரு நிமிசத்துல வாங்கித் தந்திட்டீங்களே!"

ஹவ்வா உம்மா எழும்பித் திரையை விலக்கி, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீடு பாத்தது போதும்" என்றார். "இப்பிடி ஒரு மருமகனுக்கே பொய் சொல்லிக் காப்பாத்துறீங்க. என்ட புள்ளய ஒங்கள நம்பி அனுப்பலாம்."