ஒரு பீரோ, இரண்டு காது

பாலக்கரையில் ஷேக் தாவூது பாயின் பீரோ கடைக்கு நானும் மருதையும்தான் சுமைதூக்கிகள். முன்பெல்லாம் கடை வண்டியில் பாட்டுப்பெட்டி ஒன்று கத்தும். அதற்கு இருவரும் சேர்ந்து காலெடுத்து வைப்போம். பிறகு ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு புளூடூத். அவன் காதில் அம்மனுக்கு உடுக்கை, என் காதில் குத்துப்பாட்டு. போன வாரம் அவனுக்குச் சாமி வந்தது, எனக்கு ஆட்டம் வந்தது, பீரோ கண்ணாடிக்குச் சாவு வந்தது.

“இன்னொரு கண்ணாடி உடைஞ்சா ரெண்டு பேரும் வேற கடை பாத்துக்கங்க” என்று பாய் சொல்லிவிட்டார். நரைத்த தலைக்கு எவன் கடையில் வேலை காத்திருக்கிறது?

இன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீடு. ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ. படிக்கட்டு, பூனை போனாலே இடிக்கும். மருதைதான் யோசனை சொன்னான்.

“அண்ணே, உங்க புளூடூத்துல ஒண்ண எனக்குக் குடுங்க. ஒரே பாட்டு, ஒரே கால்.”

“உன் காதுலயா? கிணறு வெட்டுனா எண்ணெய் வருமேடா.”

“தொடச்சிட்டுத் தரேண்ணே.”

மேலே அவன், கீழே நான். பாதிப் படி நன்றாகத்தான் ஏறினோம். அப்போது போன் அடித்தது. பீரோ என் காதிலிருந்த புளூடூத்தில் இடித்து, அழைப்பை அதுவே எடுத்துவிட்டது. என் வீட்டுக்காரி மாரியாயி.

“அந்த மருதைகூடவா போயிருக்க? மேல நின்னுக்கிட்டு பாரத்தையெல்லாம் உன் தலையில எறக்குறான்னு நேத்துகூட பொலம்புனியே!”

இரண்டு காதிலும் விழுந்தது. அணைக்கக் கையில்லை.

மருதை நின்றுவிட்டான். “அப்படியாண்ணே? விட்டுறவா?”

“விட்டா எனக்கு வேலை எதுக்குடா? நேரா சுடுகாடுதான்!”

“யாரு, மருதையா?” மாரியாயிக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. “கேட்டுட்டியா? நல்லாக் கேளு! ரெண்டு எருமையும் கேளுங்க! சோத்துக்கு முன்னால! வேலைக்குப் பின்னால! பீடிக்கு முன்னால! பீரோவுக்குப் பின்னால!”

‘முன்னால’ என்றபோது எங்கள் கால்கள் சேர்ந்து தூக்கின. ‘பின்னால’ என்றபோது சேர்ந்து பதிந்தன. அவள் எங்கள் வம்சத்தைத் திட்டி முடிப்பதற்குள் பீரோ மாடியில் நின்றது. கண்ணாடியில் கீறல் இல்லை. வியர்வை வழியும் இரண்டு எருமைகள் மட்டும் தெரிந்தன.

வண்டிக்குத் திரும்பினோம். அடுத்த பீரோவில் கயிறு கட்டும்போது அவனே கீழ்ப்பக்கம் போய் நின்றான்.

“என்ன பாட்டுடா போட?” என்றேன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

“பாட்டெல்லாம் வேணாண்ணே” என்று காதில் புளூடூத்தைச் சொருகினான். “மதினியைப் போடுங்க.”